கிண்டியின் பூர்வீகம்

சுள்ளிக்கல் ராசப்பன் கொச்சி கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்யும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். அவருடைய மூத்த மகள் ஷைலஜா 1995-இல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது, அது என்ன படிப்பு என்று அக்கம்பக்கத்துக்கு விளக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பழைய காலத்து மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிற படிப்பு என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவருக்கு அதில் பாதிதான் மனதில் நின்றது.

"செம்பு, உருளி, கிண்டி இதுக்கெல்லாம் எப்படிப் பேரு வந்துச்சுன்னு படிக்கா" என்பார்.

"பின்னே, பாத்திரக் கடை வைக்கப் போறாளா சேட்டா?"

அக்கம்பக்கத்தார் இப்படித்தான் கேட்டார்கள். ஆறே மாதத்தில் ஷைலஜா பாத்திரக் கடை ஒன்றில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. மாலை வகுப்பு எடுத்த டுடோரியலும் மூடிவிட்டது.

பாத்திரக் கடை என்று சொன்னால் முகமது இஸ்மாயிலுக்குக் கோபம் வரும். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் அவருடையது பழம்பொருள் கடை. முன்பு அதே கட்டிடத்தில் சுக்கு வைத்திருந்தார். சுக்கு வியாபாரம் படுத்து, வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்ததும், சுக்கு மூட்டை இருந்த இடத்தில் வெண்கலம் வந்தது. வீட்டில் தமிழ் பேசுகிறவர், வாடிக்கையாளரிடம் ஏழு மொழியில் விலை சொல்லத் தெரிந்தவர்.

"மோளே, வெறும் கிண்டிய எந்தச் சாயிப்பு வாங்குவான்?" என்றார் இரண்டாவது வாரம். "கூட ஒரு கத வேணும். நீ படிச்சவளாச்சே, ஒரு அட்டையில எழுதி வை."

மூக்கு வைத்த வெண்கலக் கிண்டிகள் அலமாரி நிறைய இருந்தன. கை கால் கழுவத் தண்ணீர் ஊற்றுகிற பாத்திரம். கேரளத்தில் எந்தப் பழைய வீட்டிலும் ஒன்று கிடக்கும். அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஷைலஜாவுக்குத் தெரியும். அகராதிகள் குண்டிகை என்ற வடமொழிச் சொல்லைக் காட்டும். ஆனால் குண்டிகை என்று எழுதினால் யூதத் தெருவில் அது விற்காது. சாயா ஆறுவதற்குள் அவள் இப்படி எழுதினாள்:

"கத் என்றால் எபிரேய மொழியில் குடம். ஹிந்தி என்றால் இந்தியாவுக்கு உரியது. பண்டைய யூத வணிகர்கள் இந்நாட்டுக் குடத்தைக் கத்ஹிந்தி என்றனர். அதுவே கிண்டி ஆயிற்று."

அது எவ்வளவு தப்பு என்பது மட்டாஞ்சேரியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும். எபிரேயத்தில் இந்தியாவுக்கு ஹோது என்று பெயர். ஹிந்தி என்பது அரபு. ஆலுவாயில் ஒரு செமினரி நூலகத்தில் உட்கார்ந்து எபிரேய எழுத்து இருபத்திரண்டையும் ஒரே வாரத்தில் படித்தவள் அவள். தமிழ் எழுத்துக்குத்தான் ஒரு மாதம் பிடித்தது. மலையாளப் பள்ளியில் படித்ததால், வீட்டில் பிறந்ததிலிருந்து பேசிய மொழியை இருபத்திரண்டு வயதில்தான் வாசிக்கக் கற்றாள்.

அட்டை வைத்த மறுநாளிலிருந்து கிண்டி நகர ஆரம்பித்தது. அடுத்த வருடம் பெல்ஜியத்திலிருந்து ஒரு வயதான பேராசிரியர் வந்தார். அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, நோட்டை எடுத்து, இந்தச் செய்தியை யார் சொன்னார்கள் என்று கேட்டார்.

ஷைலஜா வாயைத் திறப்பதற்குள் இஸ்மாயில் சொன்னார்: "இங்க எல்லாருக்கும் தெரியும் சார். பழைய ஆளுங்க சொல்றதுதான்."

பேராசிரியர் எழுதிக்கொண்டார். கிண்டியும் வாங்கிக்கொண்டார். அவர் தலை மறைந்ததும் ஷைலஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த நாலைந்து வருடங்களில் அது அவள் கையை விட்டுப் போய்விட்டது. பக்கத்துக் கடைகள் அட்டையைப் பார்த்து எழுதின. போர்ட் கொச்சியிலிருந்து பயணிகளை ஏற்றி வரும் ஆட்டோக்காரர்கள் வழியிலேயே கத்ஹிந்திக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு இறக்கினார்கள். ஷைலஜா அதற்குள் அந்தக் கடையை விட்டு, ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகி, ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தில் நின்றிருந்தாள்.

2001-இல் அவளுடைய நெறியாளர் வெங்கிட்டு சார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பாலக்காட்டுக்காரர். முழுப் பெயர் நீளமானது; பல்கலைக்கழகத்தில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. மேஜைமேல் ஒரு வெளிநாட்டு ஆய்விதழின் நகல் கிடந்தது.

"ஆறு வருஷமா மட்டாஞ்சேரியிலே இருந்துண்டு நோக்கு இது கண்ணிலே படலையா? பெல்ஜியத்துக்காரன் கண்டுபிடிச்சிருக்கான் பாரு!"

கிண்டி, கத்ஹிந்தி, மட்டாஞ்சேரி வணிகரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் வாய்மொழி மரபு. கீழே அடிக்குறிப்பு, தேதியோடு. ஷைலஜா நகலைத் திரும்ப மேஜைமேல் வைத்தாள்.

"சார், அது நான் எழுதினது."

"எது?"

"அந்த மரபு. கிண்டி விக்கிறதுக்காக நான் ஒரு அட்டையில எழுதினேன். சும்மா."

வெங்கிட்டு சார் கண்ணாடியைக் கழற்றினார். "நீதான் எழுதினேங்கறதுக்கு என்னாக்கும் தெளிவு, ஆதாரம்?"

"நானே சொல்றேனே சார்."

"நீ சொன்னா ஆச்சா? அங்கே அச்சிலே இருக்கு. நோக்கு ஏதாவது அச்சிலே இருக்கா?"

"ஆனா ஹிந்தி எபிரேயமே இல்ல சார், அரபு."

"அரபு வியாபாரியும் யூத வியாபாரியும் ஒரே தெருவிலே இருந்தா ரெண்டும் கலக்காதோ? யோசிச்சுப் பாரு. அத்தியாயத்திலே சேர்த்துடு."

அவள் நேராக இஸ்மாயிலின் கடைக்குப் போனாள். பழைய அட்டை கிடைத்தால் கையெழுத்தையாவது காட்டலாம். அட்டை எப்போதோ கிழிந்து, அந்த இடத்தில் அச்சடித்த பலகை தொங்கியது.

"இக்கா, அந்தக் கிண்டிக் கத நான் எழுதினதுதானே? வெங்கிட்டு சாருக்கு ஒரு கடுதாசி குடுப்பீங்களா?"

இஸ்மாயில் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ நல்லா எழுதினே மோளே, இல்லேன்னு சொல்லல. ஆனா கத எங்க வாப்பா சொன்னதல்லே? சின்ன வயசுல நான் கேட்டிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஐந்து வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன கதைக்குள் செத்துப்போன வாப்பா தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வேட்டில் அவள் கத்ஹிந்தியைச் சேர்த்தாள். கீழே, இது 1996-இல் ஆய்வாளரே புனைந்தது என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டாள். வெங்கிட்டு சார் அதை அடித்துவிட்டு, "சிலர் ஐயுறுகின்றனர்" என்று மாற்றினார். அப்படித்தான் 2003-இல் அது சமர்ப்பிக்கப்பட்டது.

மறு வருடம் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முந்நூறு பக்கத்தையும் உண்மையிலேயே படித்திருந்தார். அரபு, தமிழ்ச் சொற்களைப் பற்றி அவள் எட்டு வருடம் பாடுபட்டு நிறுவிய எதையும் அவர் கேட்கவில்லை.

"நூற்று நாற்பதாம் பக்கம். சிலர் ஐயுறுகின்றனர் என்கிறீர்கள். யார் அந்தச் சிலர்?"

"நான்தான் சார்."

அறையில் சிரிப்பு எழுந்தது. அவள் முழுக் கதையையும் சொன்னாள்: அட்டை, சாயா, பெல்ஜியத்துக்காரர். வெங்கிட்டு சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கே பிறந்தீர்கள் என்றார்.

"மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில சார். வீடு சுள்ளிக்கல்."

"வீட்டில் என்ன மொழி?"

"தமிழ்."

"அப்பா?"

"கார்ப்பரேஷன் தொழிலாளி."

தேர்வாளர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நீங்கள் அந்த வட்டாரத்தின் ஆள். சின்ன வயதில் எங்கேயோ காதில் விழுந்தது, எழுதும்போது வெளியே வந்திருக்கும். புனைந்ததாக உங்களுக்குத் தோன்றுகிறது. வாய்மொழி மரபு அப்படித்தான் வேலை செய்யும்."

ஆய்வாளராக அவள் சொன்னதை ஏற்க ஆதாரம் போதவில்லை. வட்டாரத்து ஆளாக அவள் சொல்லாததுகூட ஆதாரமாகிவிட்டது. ஒரே ஒரு திருத்தத்தோடு பட்டம் பரிந்துரைக்கப்பட்டது: ஐயுறும் அந்த வாக்கியத்தை நீக்க வேண்டும்.

மூன்று நாள் அவள் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. நீக்கமாட்டேன் என்று வெங்கிட்டு சாருக்கு ஒரு கடிதம் எழுதினாள், அஞ்சலில் சேர்க்கவில்லை. ராசப்பன் அந்த மாதம் ஓய்வு பெற்றிருந்தார். "இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டார். "ஒரு வரி" என்றாள். "ஒரு வரிக்கா இத்தன யோசன?" என்றார் அவர். நாலாம் நாள் நீக்கினாள். பட்டம் வந்தது. ராசப்பன் தெரு முழுக்கப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். ஷைலஜாவும் ஒன்று சாப்பிட்டாள், நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வைட்டிலாவைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. ஒப்பியல் மொழிநூலுக்கு அங்கே துறை இல்லை. முதலாமாண்டு வணிகவியல் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தாள்.

2007-இல் மேற்குக் கொச்சியின் வாய்மொழி மரபுகளைச் சேகரிக்க வெங்கிட்டு சாருக்கு ஒரு பெரிய திட்டம் கிடைத்தது. ஷைலஜாவும் விண்ணப்பித்தாள். ஆய்வாளர் வேலைக்கு வயது தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தகவலாளியாக உதவ முடியுமா என்று அதே கடிதத்தில் கேட்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை சுனிதா என்ற ஆராய்ச்சி மாணவி டேப் ரெக்கார்டரோடு சுள்ளிக்கல் வீட்டுக்கு வந்தாள். மரியாதையான பெண். எளிய ஜனங்களிடம் நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"சேச்சி, தண்ணி மொள்ற பாத்திரத்துக்கு, உங்க வீட்டில, என்ன பேரு?"

"செம்பு."

"அந்தப் பேரு எப்படி வந்ததுன்னு, பழைய ஆளுங்க, ஏதாவது சொல்லுவாங்களா?"

ஷைலஜாவுக்கு நாலு மொழியில் நாலு பதில் நாக்கு நுனி வரை வந்தது. ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரியாது" என்றாள்.

சுனிதா ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, பரவாயில்லை சேச்சி, ஞாபகம் வந்தால் சொல்லுங்கள் என்று அடுத்த கேள்விக்குப் போனாள். நாற்பது கேள்விகள் இருந்தன. முப்பத்தாறுக்கு ஷைலஜா தெரியாது என்றே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாக எளிதாகிக்கொண்டு வந்தது. கடைசியில் இருவரும் சாயா குடித்தார்கள். அப்புறம் ஷைலஜா மாணவர்களின் விடைத்தாள் கட்டை எடுத்துவைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தாள்.