இல்லாத காருக்கு இடம்

முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். ஆபீசில் எனக்குப் பெயரே 'மீட்டர்'தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்து நாலு அடி வைத்தால் போதும், கட்டியவன் எங்கே கோட்டை விட்டிருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். குளியலறைக் கதவைத் திறந்தால் சமையலறை தெரியும். மாடிக்குப் போக வேண்டுமென்றால் யாருடைய படுக்கையறை வழியாகவோ போக வேண்டும். பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் ஒரு வீடு கட்டுவேன், அப்ப வந்து பாருங்கடா" என்று டீக்கடையில் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். இது என் அக்காவைப் பற்றிய கதைதான். ஆனால் இதில் தலைகுனிய வேண்டியவன் நான் என்பதால் என்னிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட மனை காலியாகக் கிடந்தது. மகள் வந்திருந்தபோது தன் பழைய லேப்டாப்பில் வீடு வரைகிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். "ரொம்ப ஈஸிப்பா, குழந்தைங்ககூட வரையும்" என்றாள். சுவரைப் பிடித்து இழுத்தால் நீளும். ஜன்னலைக் கொண்டுபோய்ச் சுவரில் விட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பட்டனைத் தட்டினால் தட்டையாகக் கிடந்த கோடெல்லாம் எழுந்து நின்று வீடாகிவிடும், நாம் உள்ளே நடக்கலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, மாடிப்படி பாதியில நிக்குது" என்பேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணமான இரண்டாவது வருடம் ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த மாதமே ஒரு துணி கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்துவிட்டாள். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் போட்டு விரலை ஓடவிடுவாள், விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் கையில் சிக்கிவிடும். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் வேலை. அதனால் எங்கள் மகளைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் விட்டது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் அக்காதான். மகள் முதலில் பேசிய வார்த்தையே 'அத்தை'. அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எங்கள் வாடகை வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று மகளுக்கு. அக்கா ஹாலில் மடக்குக் கட்டில் போட்டுப் படுப்பாள். நாங்கள் எழுந்து வருவதற்குள் கட்டில் மடங்கிக் கதவுக்குப் பின்னால் போயிருக்கும். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த அறையை அக்காவுக்குக் கொடுத்திருக்கலாம். "குழந்தை வந்தா எங்க தங்கும்?" என்று அவளே சொன்னாள், சரி என்று நானும் விட்டுவிட்டேன். குழந்தை வருடத்துக்கு ஒரு வாரம் வருவாள்.

சாஃப்ட்வேரில் நம் வீட்டுச் சாமான்களின் அளவைக் கொடுத்தால் அதே அளவில் சோபாவும் பீரோவும் வந்து உட்காரும். என்னால் சும்மா இருக்க முடியுமா? இரண்டு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டையே அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அக்கா.

"தம்பி, டேப்பு தொங்குது பாரு. இழுத்துப் பிடி. அப்புறம் அங்க போய் பீரோ நுழையலன்னு அழுவே" என்றாள்.

எங்கள் கட்டில், மகள் கட்டில், பீரோ, டைனிங் டேபிள், வாஷிங் மெஷின், செருப்பு ஸ்டாண்டுவரை எதையும் விடவில்லை. ஒவ்வொன்றின் அளவையும் அவள் சத்தமாகச் சொன்னாள், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எல்லாம் முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். "அவ்வளவுதான்க்கா, ஒண்ணு பாக்கியில்ல" என்றேன். டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதத்தில் வீடு தயாரானது. மனைவியையும் அக்காவையும் லேப்டாப் முன்னால் உட்காரவைத்தேன். கீழே எங்களுக்கு ஒரு படுக்கையறை. மகளுக்கு ஒன்று. எனக்கென்று ஒரு படிப்பறை. தினசரித் தாளைத் தவிர நான் எதையும் படித்ததில்லை, அது வேறு விஷயம். வெளியே கார் நிறுத்த ஷெட், அதில் ஒரு சிவப்புக் கார். எங்களிடம் கார் கிடையாது, எனக்கு ஓட்டவும் தெரியாது. பட்டியலில் இருந்தது, எடுத்து வைத்தேன். தோட்டத்தில் நாய்க்கு ஒரு குட்டி வீடு, கூரையெல்லாம் போட்டு.

"அக்கா, நீயே நடந்து பாருக்கா" என்று மவுஸைக் கொடுத்தேன்.

அவள் மெதுவாக நகர்த்தினாள். ஹாலைச் சுற்றினாள். சமையலறைக்குள் போனாள். எங்கள் அறை வாசலில் நின்று திரும்பினாள். மகள் அறைக்குப் போனாள், படிப்பறைக்குப் போனாள். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். வேலைப்பாட்டை ரசிக்கிறாள் என்று நினைத்து நான் பூரித்துப் போனேன். திரும்பவும் ஹாலுக்கு வந்து வாசல் கதவருகில் நின்றாள்.

"இந்தக் கதவுக்குப் பின்னாடி இடம் இருக்கா தம்பி?"

"இருக்கவே இருக்காது!" என்றேன் பெருமையாக. "கதவு சுவரோட ஒட்டித் திறக்கும்க்கா. ஒரு இஞ்சுகூட வீணாப் போகல."

"ஓ" என்றாள். "வீடு அம்சமா இருக்குடா." எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வீடு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எருமை மாடு நான்.

பத்து நாள் கழித்து ஆபீசில் இருக்கும்போது போன் வந்தது. வேலை பார்த்து ஓய்ந்த பெண்கள் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் பேசினார். என் அக்கா சேர விண்ணப்பம் கொடுத்திருக்கிறாளாம், குடும்பத்தில் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். "யாரோ பேர் மாறிப் போய்…" என்று இழுத்தேன். அந்த அம்மாள் விண்ணப்பத்தை எடுத்துப் படித்தார். சேர விரும்பும் காரணம் என்ற இடத்தில் அக்கா எழுதியிருந்தது ஒரே வரி: 'தம்பி சொந்த வீட்டுக்குப் போகிறான்.'

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! மீட்டர் இருக்கிற இருட்டு இடுக்கில் ஒரு பாய் விரித்திருக்கும், யாராவது ஒரு பெரியம்மா உட்கார்ந்திருப்பாள். "கொஞ்சம் நகருங்கம்மா" என்று சொல்லி ரீடிங் எடுத்துவிட்டு, 'சே, என்ன ஜென்மங்கள்' என்று அந்த வீட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டே வெளியே வருவேன். அந்த ஜென்மங்கள் ஒரு இடுக்காவது கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவிமேல் பாய்ந்தேன். "உனக்கும் தோணலையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கேக்கற ஆளா நீங்க? மாடிப்படியப் பத்தி ஒண்ணு சொன்னேன், மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டீங்க" என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "இல்லாத நாய்க்கு வீடு போட்டிருக்கீங்களேன்னு அன்னைக்கே நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அண்ணியே எதுவும் கேக்கல, நாம ஏன் கிளப்பணும்னு இருந்துட்டேன். என் மேலயும் தப்புதான்."

லேப்டாப்பைத் திறந்தேன். படிப்பறையிலிருந்த மேஜையைத் தூக்கினேன். சுவரை மூன்றடி தள்ளினேன். தோட்டத்துப் பக்கம் பெரிய ஜன்னல், ஒரு கட்டில், ஒரு அலமாரி, பக்கத்திலேயே குளியலறைக்கு ஒரு கதவு. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஒரு மாதம் இரவும் பகலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்தவனுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

அக்கா கடைக்குப் போய்விட்டு வந்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "பாருக்கா, உன் ரூம். முதல்லயே யோசிச்சதுதான், அன்னைக்குக் காட்ட விட்டுப்போச்சு." பொய். அறுபதை நெருங்குகிற வயதில் கூசாமல் சொன்னேன்.

அவள் பார்த்தாள். முகம் மலரத்தான் செய்தது. "ஜன்னல் பெருசா இருக்கு" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "விடுதியிலருந்து போன் பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

நான் அசடு வழிந்தேன்.

"உன்மேல கோவமெல்லாம் இல்லடா தம்பி. நான் இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது எனக்கு இது வேணும்னு கேட்டிருக்கேனா? கேட்டா நீ குடுத்திருப்பே, அது எனக்குத் தெரியும். கேக்காம கிடைக்குதான்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

"அக்கா, தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"தெரியாமத்தான் பண்ணே. தெரிஞ்சு பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேனே." என் தலையில் லேசாகத் தட்டினாள். "வியாழக்கிழமை லீவு போடு. கையெழுத்து வேணுமாம்."

கெஞ்சினேன். மகளிடம் சொல்லி அழவைத்தேன். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அக்கா எல்லாருக்கும் ஆறுதல் சொன்னாள், முடிவை மட்டும் மாற்றவில்லை.

வியாழக்கிழமை விடுதிக்குப் போனோம். ஆபீஸ் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் விதிமுறைகள் ஒட்டிய பலகை. போனில் பேசிய அந்த அம்மாள் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். நீங்க சொந்த வீட்டுக்குப் போறதா எழுதியிருக்காங்க. உங்க வீட்ல இவங்களுக்கு இடம் இல்லையா?"

இருக்கிறது என்பதா? இப்போதுதான் இருக்கிறது என்பதா?

"ஐயோ, என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க!" என்றாள் அக்கா. "எனக்குன்னு தனி ரூமே போட்டு வச்சிருக்கான். மொத மொதல்ல என் ரூமைத்தான் வரைஞ்சான். நான்தான் பிடிவாதமா, நம்ம வயசுக்காரங்களோட இருக்கணும்னு வந்துட்டேன். பாவம், இவன் ஒரு வாரமா சரியா சாப்பிடல."

அந்த அம்மாளின் முகம் இளகிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியா? குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படியா சார்? மொதல்ல அக்கா ரூமைத்தான் வரைஞ்சீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் பைக்குள் பேனா தேடிக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.