ட்ராலி பேக்குக்கு ஓர் உறை

1. பொறுப்பு என் மேசைக்கு வந்தது

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எட்டு வருடமாக அட்மின் செக்‌ஷனில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு எந்த செக்‌ஷனுக்கும் சொந்தமில்லாத வேலையெல்லாம் நம்முடையது. டீத்தூள், மலர்வளையம், பாம்பு பிடிப்பவரின் போன் நம்பர். போன வருடம் அந்த வரிசையில் நந்தினியும் சேர்ந்தாள்.

நந்தினி, எங்கள் கேன்டீனில் சமைக்கும் சரஸ்வதி அக்காவின் மகள். ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய தூரத்தில், வடக்கே ஒரு பெரிய என்ஜினீயரிங் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. செய்தி தெரிந்த அன்றே ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நம்ம சரஸ்வதி புள்ளைக்கு நல்ல கிஃப்டா ஒண்ணு பாத்துப்போடுங்க. சனிக்கிழமை எல்லாரும் ஒட்டுக்கா நின்னு குடுத்துப்போடலாம்."

"என்ன மாதிரிங்க சார்?"

"அதை யோசிக்கத்தானே உங்களை வெச்சிருக்கறோம்."

என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, அந்த வேனின் பின்னாலேயே மூன்று மாதம் ஸ்கூட்டியில் போனவள் நான். ஹாஸ்டலுக்குப் போகும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டால் சும்மா இருப்பேனா? முப்பத்தாறு சாமான்கள் எழுதினேன். அதில் ஒரு தீயணைப்பானும் இருந்தது. அதிகம் என்று தோன்றி அதை எடுத்தேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ‘சின்னது’ என எழுதி மறுபடி சேர்த்தேன்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யோசனை கேட்டது அடுத்த தப்பு. டீலர் மீட்டிங்கில் மிஞ்சிய சுவர்க்கடிகாரங்கள் ஸ்டோரில் கிடப்பதை அக்கவுண்ட்ஸில் நினைவூட்டினார்கள். சேல்ஸில் ஒருவர், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அரை ஹெச்.பி. மோட்டார் என்றார். எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார் பர்ச்சேஸ் மேனேஜர். வாங்கிக்கொள்ளப் போகிற பெண்ணைக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்து.

2. மோட்டார்

மறுநாள் நந்தினி அம்மாவுக்கு உதவியாகக் கேன்டீனுக்கு வந்திருந்தாள். என் பட்டியலைச் சரிபார்க்கலாமே என்றுதான் அவளிடம் நீட்டினேன். மரியாதையாகக் கடைசி வரி வரை படித்தாள்.

"அக்கா, ட்ராலி பேக் ஒண்ணு போதுமுங்க. அம்மா எல்லாத்தையும் கட்டைப்பையில அடைச்சு வெச்சிருக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனி பேர் மட்டும் போடாதீங்கக்கா."

"ஏன் கண்ணு?"

"வருசா வருசம் இங்க வேலை செய்யறவங்க புள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் குடுப்பீங்கல்லங்க, மோட்டார் படம் போட்டு, மஞ்சக் கலர்ல? ஏழு வருசம் அதைத்தான் மாட்டிட்டுப் போனேன். ஸ்கூல்ல ஒருத்தரும் என்னை நந்தினின்னு கூப்பிட்டதில்லீங்க. மோட்டாருதான். காலையில உள்ள போனா, ‘ஏய், மோட்டார் ஆன் ஆயிருச்சு’ம்பாங்க. அங்க போயாச்சும் நந்தினியா இருந்துக்கறனுங்க."

அந்த ஏழு பைகளுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் டைப் செய்தவள் நான். ‘எழுத்து சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிய வேண்டும்’ என்பது என் சொந்த வாக்கியம்.

"பேர் வராது கண்ணு. நானாச்சு" என்றேன்.

3. பெயர் எங்கே?

கருநீலத்தில் நல்ல பேக்காக வாங்கினேன். ஜி.எம். அதை மூன்று முறை திருப்பிப் பார்த்தார்.

"பேர் எங்கீங்க அம்மணி?"

"பேர் இல்லாமயே நல்லாருக்குதுங்க சார்..."

"பேர் இல்லீன்னா யாரு குடுத்தாங்கன்னு எப்படீங்க தெரியும்?"

"நந்தினிக்குத் தெரியுமுங்களே சார்."

"அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சு என்னங்க ஆகறது? டெல்லி ஸ்டேசன்ல நாலு பேர் பாக்கோணும்."

மோட்டார்களின் தரம் பார்க்கும் க்யூ.சி. இன்சார்ஜ் ஒரு வழி சொன்னார். "மோட்டாருக்கு அடிக்கற மாதிரி நேம் பிளேட் அடிச்சுப்போடலாமுங்க. பித்தளையில, நாலு ரிவிட். பேக் கிழிஞ்சாலும் பிளேட் கழலாது." ஹெச்.பி. போடும் கட்டத்தில் நந்தினியின் மார்க்கைப் போடலாம் என்றும் சொன்னார். ட்ரில்லிங் மெஷினைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

ட்ரில்லைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசியது. "ஓட்டை போட்டா தண்ணி உள்ள போயிருமுங்க சார்!"

பம்ப்செட் கம்பெனியில் இந்த வாக்கியத்துக்கு எதிர்வாக்கியம் கிடையாது. க்யூ.சி.க்காரர் ட்ரில்லைக் கீழே வைத்தார். அதை அவர் மறுபடி எடுப்பதற்குள் மீதியையும் சொன்னேன். "துணியில உறை தெச்சு, அதுல பிரிண்ட் பண்ணலாமுங்க. நாலு பக்கமும் இடம் இருக்கும்."

"நாலு பக்கமுங்களா?" பர்ச்சேஸ் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று கொட்டேஷனை அவர் கேட்கவே இல்லை.

"கழட்ட வராதுல்லீங்க?" என்றார் ஜி.எம்.

"துவைக்கறதுக்கு மட்டும் அடியில ஒரு ஜிப்புங்க சார்."

பல்லடம் ரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் உறை தயாரானது. மஞ்சள் நிறம். முன்னால் கம்பெனி பெயரும் மோட்டாரும். பின்னால் ஜி.எம். பெயர். இரண்டு பக்கமும் சீனியாரிட்டிப்படி மேனேஜர்கள். ஒருவர் பெயர் கைப்பிடிக்கு அடியில் மறைகிறது என்று புகார் வந்து ஆர்ட்வொர்க்கை ஒருமுறை மாற்றினோம்.

சனிக்கிழமை, கேன்டீன் ஹாலில் பேக்கைப் பார்த்ததும் நந்தினி என்னைப் பார்த்தாள். நம்பிக் கெட்டவர்கள் பார்க்கும் பார்வை. முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், விஷயம் ஜி.எம். காதுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் சொல்லாமல் விட்டிருந்தேன். போட்டோவுக்கு நிற்கும்போது அவள் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அடியில ஜிப் இருக்குது கண்ணு."

"என்னங்கக்கா?"

"உறை. கழட்டிக்கலாம்."

அப்போது அவள் சிரித்த சிரிப்புதான் ரிசப்ஷனில் இப்போதும் மாட்டியிருக்கிறது.

மறுநாள் நந்தினியை வழியனுப்பக் கோவை ஜங்ஷனுக்குப் போனேன். ரயில் வருவதற்கு முன்பே பேக்கைச் சாய்த்து, ஜிப்பை இழுத்து, உறையை உருவி அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு உள்பையைத் திறந்தாள். நான் சனிக்கிழமை காலையிலேயே அதற்குள் மாத்திரைகள் வைத்திருந்தேன். தலைவலிக்கு, வயிற்றுவலிக்கு, காய்ச்சலுக்கு என்று ஐந்து கவர்கள். ஐந்திலும் என் பெயர், என் போன் நம்பர்.

"நீங்களுமாக்கா?" என்றாள். "மாத்திரைக்கு வியாதி பேர் போதுமுங்க."

ரயில் வந்தது நல்லதாகப் போயிற்று.

திங்கட்கிழமை கேன்டீனுக்குப் போனால், சரஸ்வதி அக்கா அந்த உறையைப் பெரிய கிரைண்டருக்கு மாட்டியிருந்தார். அளவு எடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தது. டீ குடிக்க வந்த ஜி.எம். அதன் முன்னால் நின்றார். நான் டீ டம்ளரோடு ஒதுங்கப் பார்த்தேன்.

"பரவால்லியே அம்மணி, ஊருக்குப் போற புள்ளைக்கு ஒண்ணு, இங்க கிரைண்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டா தெச்சுப்போட்டீங்க. இப்படித்தான் யோசிக்கோணும்."

அன்பளிப்பு வாங்க உங்களைச் சொன்னால், முதலில் வாங்கிக்கொள்கிறவரைக் கேளுங்கள். கொடுக்கிறவர்களுக்கு வேண்டியதைத் தனியாகத் தைத்துக்கொள்ளலாம். இந்த வருடப் பள்ளிப் பைகள் வாங்குவதற்கான இன்டென்ட் படிவம் என் மேசைக்கு வந்தபோது, ‘பெயர் அச்சிடும் இடம்’ என்ற கட்டத்தில் ‘உறையில் மட்டும்’ என்று டைப் செய்தேன். இதுவரை யாரும் ஏனென்று கேட்கவில்லை. கேட்டால், தண்ணீர் உள்ளே போகும் என்பேன்.