இந்துமதி வீட்டு மீனில்லாத தொட்டி

மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவுக்குள் வந்து இந்துமதியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. தண்ணீர் லாரிக்காரர் அவள் வீட்டு வாசலில் மட்டும் ஹாரன் அடிக்காமல் நிறுத்துவார். நானும் பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு வருகிறவள்தான். ஆனாலும் எதிர்வீட்டு இந்துமதிக்கு முன்னால் நான் வாயில்லாப் பூச்சி.

அவள் கணவர் செந்தூர்வேல் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர். அதிர்ந்து பேசாத மனுஷர். பிள்ளை இல்லை. அதைப் பற்றித் தெரு பேசி முடித்து, அலுத்து, விட்டுவிட்டது. திடீரென்று அவருக்குக் கடல் தண்ணீரில் வாழும் கோமாளி மீன் வளர்க்கும் ஆசை வந்தது. கண்ணாடித் தொட்டி வாங்கி முன்னறையில் வைத்தார். கல் அடுக்கினார், மோட்டார் மாட்டினார், அதற்கென்று விற்கிற உப்பைப் பாக்கெட்டில் வாங்கிக் கரைத்தார்.

"சுத்தி உப்பளமாக் கெடக்கு. இவிய பாக்கெட்டுல உப்பு வாங்கிட்டு வந்திருக்காவ டீச்சர். இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்ல?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள் இந்துமதி.

"அளத்து உப்பு கொழம்புக்குச் சரி. கடல்ல இருக்கிற மத்த சத்து அதுல இருக்காது" என்றார் அவர்.

எல்லாம் தயார். மீன் வரவில்லை. மாறாக, உரிக்காத இறால் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டு அழுக விட்டார். எங்கள் தெரு சும்மா இருக்குமா? இறாலுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாரா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். நான் மட்டும் வாத்தியார் புத்தியில் காரணம் கேட்டேன்.

"இறால் அழுகினா தண்ணியில விஷம் சேரும் டீச்சர். அந்த விஷத்தத் தின்னுற உசுரு ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அது மெதுவா வந்து கல்லுல ஒட்டிப் பெருகணும். அதுக்கு ஒரு மாசங்கூட ஆகும். அது பெருகாம மீன விட்டா, மீனு அது கழிவுலயே செத்துப் போகும்."

தினமும் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விடுவார். பச்சையானால் விஷம் இருக்கிறது. மஞ்சளானால் இல்லை. புருஷனும் பெண்சாதியும் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்துச் சண்டை போடுவது எங்கள் வீடு வரை கேட்கும். அவளுக்கு எப்போதும் மஞ்சள். அவருக்கு எப்போதும் பச்சை.

பச்சை கொஞ்சம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அந்த வாரத்தில்தான் வேலைக்குப் போனவர் யார்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்துமதி அழவில்லை. ஊரெல்லாம் துட்டி கேட்க வந்தது. கட்டிப் பிடித்து அழுதார்கள். அவள் யார் வீட்டுத் துட்டிக்கோ வந்தவள்போல இருந்தாள், அவ்வளவுதான். காப்பி கொடுத்தால் குடித்தாள். குளி என்றால் குளித்தாள். "கல்லு மனசு" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. எனக்கு அந்த வீட்டுக்குள் போகவே பயமாக இருந்தது. இந்துமதியின் சத்தம் இல்லாத வீடு எனக்கு வேற்று வீடு.

தானாக அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் எழுந்ததும் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விடுவாள். ஜன்னலில் பிடித்துப் பார்ப்பாள். கழுவி வைத்துவிடுவாள். "எதுக்குளா இது இப்ப?" என்று கேட்டேன்.

"பாக்கச் சொல்லுவாவ" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

வீட்டுப் பொறுப்பு முழுவதும் முத்துக்கனியிடம் இருந்தது. செந்தூர்வேலின் அக்காள், ஏரலில் வாழ்க்கைப்பட்டவள். தாய் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை வீட்டில் மீன், கறி எதுவும் நுழையாமல் காவல் காத்தாள். காரியத்துக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவி விட்டபோது தொட்டிக்குப் பக்கத்தில் போய் மூக்கைப் பிடித்தாள். கல்லிடுக்கில் இறாலின் ஓடும் அழுகல் மிச்சமும் கிடந்தன.

"துட்டி வீட்டுல கவுச்சியா? என் தம்பிக்குப் படையல் போடுத வீடுளா இது!"

நான் சத்தம் கேட்டு ஓடும்போது மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டாள். மோட்டாரை அணைத்து, வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு முற்றத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி பாதி காலி.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள் இந்துமதி. வாளியைப் பார்த்தாள்.

"மயினி, ஊத்தாதிய."

அத்தனை நாளில் யாரும் கேட்காமல் அவள் தானாகச் சொன்ன முதல் வார்த்தை. எல்லோரும் திரும்பினார்கள்.

"அதுல உசுரு இருக்கு. அவிய வளத்தது. எங்களுக்குன்னு வேற என்ன இருக்கு?"

முத்துக்கனி தொட்டியை உற்றுப் பார்த்தாள். கல்லும் கலங்கல் தண்ணீரும்தான் இருந்தன. சொந்தக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

"டீச்சர், நீங்க படிச்சவிய. இவ சொல்லுதது நெசமா?"

"நெசந்தான். கல்லுல ஒட்டியிருக்கும், பாக்க முடியாது. செத்துச்சா, உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியாது. நீங்க தூக்கிப் போட்டீங்களே இறால், அதுதான் அதுக்குச் சாப்பாடு."

முத்துக்கனி வாளியைக் கீழே வைத்தாள். பிறகு மோட்டாரைப் போடச் சொன்னாள். பாக்கெட்டில் மிச்சமிருந்த உப்பை இந்துமதி அளந்து கரைத்துத் தர, தொட்டியைத் தன் கையாலேயே நிரப்பினாள். யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் சின்னக் கவர். அதற்குள் ஒரே ஒரு இறால். தம்பி காரியம் முடியவில்லை. அவள் மீன் மார்க்கெட்டுக்குள் போய் வந்திருக்கிறாள்.

"ஒத்த இறால யாருக்குன்னு கேக்கா அந்த மீன்காரி விக்டோரியா. தம்பி வீட்டுல ஒருத்தருக்குச் சாப்பாடுன்னு சொன்னேன்."

சொந்தபந்தம் வாயில் கை வைத்தது. அவள் இறாலைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் தலை முழுகப் போனாள்.

காரியம் முடிந்து எல்லோரும் ஊர் போனார்கள். முத்துக்கனி போகவில்லை. குழாய் நல்ல பச்சைக்கு வந்தது. விஷம் ஏறுகிறது. அதைத் தின்ன ஆள் இருந்தால்தான் இறங்கும். இந்துமதி மறுபடி ஊமையாகியிருந்தாள். ஆனால் காலையில் குழாயைப் பார்த்ததும் முன்போலக் கழுவி வைக்காமல் ஜன்னலிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். முத்துக்கனி பக்கத்தில் நின்று, "என்ன நெறம்? என்ன நெறம்?" என்று அரிப்பாள். பச்சைதான். மறுநாளும் பச்சை. அதற்கப்புறமும் பச்சை. எனக்கே நம்பிக்கை விட்டுப்போனது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர்!"

தெருவே திரும்புகிற பழைய சத்தம். பையைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்துமதி குழாயை ஜன்னலில் பிடித்திருந்தாள்.

"எனக்கு எப்பவும் மஞ்சளாத்தான் தெரியும். நீங்க பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மஞ்சள்தான்."

"உசுரோட இருக்கு மயினி" என்றாள். அடுத்த நிமிஷம் தரையில் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி, செந்தூர்வேல் விழுந்த அன்று அழவேண்டிய அழுகையை அழுதாள். முத்துக்கனி தேற்றவில்லை. அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தானும் அழுதாள். நான் குழாயைப் பிடித்தபடி நின்றேன்.

அழுகை ஓய்ந்ததும் முத்துக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூலையில் கிடந்த பையை எடுத்தாள்.

"எங்க மயினி?"

"மார்க்கெட்டுக்குளா. அதுக்குப் பசிக்கும்லா."