நடு ரூமுக்குப் போன டி.வி.

எங்கள் வீட்டு டி.வி.யை ஹாலிலிருந்து படுக்கையறைக்கு மாற்ற வேண்டும் என்று மனைவி சொன்னபோது, கேபிள்காரரைக் கூப்பிட வேண்டாம், ஒயரை நானே நீட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையையும், ஒரு விரல் நகத்தையும், சுவரில் கைக்குட்டை அகலத்துக்குச் சுண்ணாம்பையும் இழந்த பிறகு, திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு மிகத் துல்லியமாகத் தெரிந்தது. மகள் அதைப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். இதெல்லாம் எங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது என்று நான் சொன்னதைச் சமாளிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் பரம்பரை என்பது உண்மைதான். எங்கள் சித்தப்பா ஒருமுறை இதே மாதிரி ஒயர் நீட்டியிருக்கிறார்.

திருவேற்காட்டில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி இருக்கும். தெருவை ஒட்டி ஹால், அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத நடு ரூம், அதற்கும் பின்னால் சமையலறை. அதற்குள் ஆறு பேர். அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகும் அப்பா, அம்மா, நான், பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியப்பா, பெரியம்மா, பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்த கல்யாணமாகாத சித்தப்பா. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. அதனால் என்னை அம்மாவும் பெரியம்மாவும் பங்கு போட்டு வளர்த்தார்கள். அடிப்பது அம்மாவின் பங்கு.

பெரியம்மாவின் குரல் பெரிய குரல். சமையலறையில் உட்கார்ந்தபடியே தெருமுனையில் போகும் கீரைக்காரியை நிறுத்தி, விலையும் பேசி, பேரம் படியவில்லை என்று திருப்பியும் அனுப்பிவிடுவாள். டி.வி. பார்க்கும்போதும் அதே குரல்தான். தொடர் நாடகத்தில் ஒருத்தி ஏமாறப் போகிறாள் என்றால் இங்கிருந்தே எச்சரிப்பாள். பெரியப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நாடகத்தைப் பார்க்காமல் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை, கடையில் ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அன்றே டி.வி.யைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து, மேலே பெட்ஷீட் போட்டு மூடினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டி.வி.யை மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்கள். பெரியம்மாவைத்தான் யாரும் திருப்பவில்லை. டி.வி.க்குத் துக்கம் பதினாறு நாள், பெரியம்மாவுக்கு ஒரு வருஷம் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. சாவுக்குப் பூந்தமல்லியிலிருந்து வந்தவள், எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கத் தங்கிவிட்டாள். முறைப்படி என்றால், பெரியம்மா நடு ரூமின் மூலையிலேயே இருக்க வேண்டும். ஹாலுக்கு வரக் கூடாது. தெருவில் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அவள் முகத்தில் விழித்துவிடக் கூடாது. குரல் வாசலைத் தாண்டக் கூடாது. அத்தை கெட்டவள் இல்லை. அவளும் சின்ன வயதில் இப்படி ஒரு மூலையில் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவள்தான். பெரியம்மா சாப்பிடாதபோது இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவளும் அவள்தான். தனக்குத் தெரிந்த துக்கத்தை அப்படியே மாற்றமில்லாமல் இவளுக்கும் செய்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஹாலில் நாடகம் ஓடும். அத்தை பார்ப்பாள். நடு ரூமுக்குச் சத்தம் மட்டும் போகும். பெரியம்மா என்னை ரகசியமாகக் கூப்பிட்டு, “யாரு நைனா அழுவுறா?” என்று கேட்பாள். நான் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எல்லாரும்” என்பேன். மருமகள் என்ன செய்கிறாள் என்பாள். மறுபடி ஓடிப் போய்ப் பார்த்து, பச்சைப் புடவை கட்டியிருக்கிறாள் என்று சொல்வேன்.

சில நாளில் எனக்கு இந்த நடை அலுத்துவிட்டது. ஹாலுக்குப் போய்ப் பார்க்காமல் நடு ரூம் வாசற்படியில் நின்றபடியே கதையைச் சொந்தமாகத் தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். இன்று எழுதுவதை வைத்து ஏதோ பிழைக்கிறேன் என்றால் பயிற்சி அங்கே தொடங்கியதுதான். தரமும் அப்போதிருந்தே ஒன்றுதான். ஒருநாள் மாமியாரை லாரியில் அடிபடச் செய்து தீர்த்துக்கட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மாமியார் ஹாலில் கணீரென்று பேசிக்கொண்டிருந்தாள்.

“செத்தவ இன்னாடா பேசிகினு கீறா?” என்றாள் பெரியம்மா.

முன்பென்றால் இதற்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நாடகத்தைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. கூப்பிட்டால் தலையை மட்டும் அசைப்பாள். அம்மா வைத்த சோறு வைத்தபடி திரும்பி வந்தது. இப்படியே போனால் இவளும் அவர் பின்னாலேயே போய்விடுவாள் என்று அம்மா அப்பாவிடம் சமையலறையில் சொன்னதைக் கேட்டேன். பின்னால் என்றால் எங்கே, சைக்கிள் கடைக்கா என்று யோசித்தேன்.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா, கிரிக்கெட் மேட்ச் வருகிறது, டி.வி.யை நடு ரூமுக்கு மாற்றப் போகிறேன் என்று அறிவித்தார். ஹாலில் வெளிச்சம் திரையில் அடிக்கிறதாம். தெருப் பையன்கள் ஜன்னலில் தொங்குகிறார்களாம்.

அத்தை எழுந்து நின்றுவிட்டாள். “டேய், அண்ணன் போன ஈரம் காயல. ஒனுக்கு மேட்சு கேக்குதா?”

“மேட்சு இன்னாக்கா பண்ணும்? அது பாட்டுக்கு வருது.”

“அந்த ரூம்ல அவ ஒக்காந்துகினு கீறாடா.”

“கீட்டும். அண்ணிய இன்னா டி.வி. கடிச்சா துன்னப் போவுது?”

அத்தை அவரை ஈவிரக்கம் இல்லாதவன் என்றாள், கூடப் பிறந்தவனா இவன் என்றாள், பெற்றவர்கள் வளர்த்த லட்சணத்தையும் சொன்னாள். சித்தப்பா எதையும் மறுக்கவில்லை. ஆமாம்க்கா, மேட்சு என்றால் நான் அப்படித்தான் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அப்பா. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “ஒயரு எட்டாதேடா” என்றார். எட்ட வைத்துவிட்டால் சரியா என்று சித்தப்பா கேட்டார். அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு இதில் பெரிய வருத்தம். ஜன்னலில் தொங்கிய பையன்களெல்லாம் என் வகுப்புப் பையன்கள். யாரை எந்தக் கம்பியில் தொங்க விடுவது என்பதை நான்தான் தீர்மானித்து வந்தேன். டி.வி. உள்ளே போனால் என் செல்வாக்கும் அதோடு போய்விடும். கேபிள்காரரையே கூப்பிடலாமே, அவர் வர ஒரு வாரமாவது ஆகுமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வந்தால் துக்க வீட்டில் டி.வி. இடம் மாறுகிற செய்தி எல்லா வீட்டுக்கும் ஒயர் வழியாகவே போய்விடும் என்றார் சித்தப்பா.

ஒயர் வாங்கக் குமணன்சாவடிக்கு என்னையும் வேனில் அழைத்துப் போனார். எவ்வளவு நீளம் என்று கடைக்காரர் கேட்டதும், சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பிரித்தார். பிரித்தார், பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். நடு ரூமின் வாசலுக்கு உள்ளே வைப்பதற்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். அந்தக் கோடி வரைக்கும் போக வேண்டும் என்றார். அந்தக் கோடியில் டி.வி.யை வைத்தால், பெரியம்மாவின் பாய்க்கு நேராகத்தான் வரும். மற்ற யார் பார்த்தாலும் பக்கவாட்டில்தான் பார்க்க முடியும். பந்து போடுகிறவன் தெரிவான், அடிக்கிறவன் தெரிய மாட்டான் என்று விளக்கினேன். “கயுத்துக்கு நல்லதுடா” என்றார்.

அத்தை தன் வீட்டைப் பெருக்கிவிட்டு வருகிறேன் என்று பூந்தமல்லிக்குக் கிளம்பிய அன்று, சித்தப்பா வேனை எடுக்காமல் வீட்டில் இருந்துகொண்டார். டி.வி.யையும் மேஜையையும் நடு ரூமின் கோடிக்குத் தூக்கிப் போனோம். பெரியம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். பழைய ஒயர் ஹால் ஜன்னல் வழியாக வந்தது. சித்தப்பா ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய ஒயரின் முனையையும் புதியதன் முனையையும் சீவினார். கறுப்புத் தோலுக்குள் மெல்லிய கம்பி வலை, வலைக்குள் வெள்ளைச் சதை, அதன் நடுவே ஒற்றைச் செம்புக் கம்பி. வலை கம்பியைத் தொடக் கூடாது. சித்தப்பாவோ வேன் பேட்டரி ஒயரை இணைக்கிற பழக்கத்தில், வலை, கம்பி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டார்.

ஸ்டூலில் நிற்பவருக்கு டி.வி. தெரியாது. அதனால் என்னை நடு ரூமில் நிறுத்தி, படம் வந்ததா என்று சொல்லச் சொன்னார். வெறும் புள்ளிகளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. “வந்துச்சா?” என்றார். இல்லை என்றேன். பிரித்து முறுக்கினார். “இப்போ?” இல்லை. வலையைத் தனியாகவும் கம்பியைத் தனியாகவும் முறுக்க வேண்டும் என்று அவருக்கே புரிந்தபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இழுத்துப் பிடித்தால் நிழலாட்டமாக யாரோ தெரிந்தார்கள், கையை எடுத்தால் போய்விட்டார்கள்.

அப்போது என்னைக் கூப்பிட்டு, கடைக்குப் போய் இன்சுலேஷன் டேப் வாங்கி வரச் சொன்னார். நான் செருப்பு போடும்போது, அவர் நடு ரூம் பக்கம் திரும்பிச் சொன்னது கேட்டது.

“அண்ணி, பையன் கடைக்குப் பூட்டான். கொஞ்சம் பாத்து சொல்லேன்.”

மறுபடி கேட்டார். நான் போய்விட்டேன்.

கடையில் கூட்டம். திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்பே ஒரு குரல் கேட்டது. “இல்ல தம்பி, பாம்பு பாம்பா நெளியுது” என்றது. யார் வீட்டில் யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் அது பெரியம்மா என்று தெரிந்தது.

சித்தப்பா ஸ்டூலில் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். இணைப்பு வேலை முடிந்திருந்தது. கறுப்பு டேப் சுற்றிக் கச்சிதமாக ஓர் ஆணியில் தொங்கியது. அவருடைய ஒரு கை ஜன்னல் கம்பியில், இன்னொரு கை இடுப்பில். ஒயரை யாரும் தொடவில்லை.

“இப்போ இன்னா அண்ணி?”

“வந்துச்சிபா.”

“கலரு?”

“கலரும் வந்துச்சி.”

“மூஞ்சி தெளிவா கீதா?”

“கீது தம்பி. எறங்கு, உயுந்து கியுந்து வெக்கப் போற.”

“யாரு அது அதுல?”

“ஒரு பொம்பள, சாம்பாரு வெச்சிக் காட்டுறா. உப்பே போடல.”

“ஏன் போடல?”

“அத அவளாண்ட போயி கேளு.”

சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்ததும் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். நான் சித்தப்பாவிடம் டேப்பை நீட்டினேன். அவர் சட்டைப் பையில் ஏற்கெனவே ஒரு டேப் இருந்தது. இதையும் அதிலேயே போட்டுக்கொண்டு, கோடு ஏதாவது ஓடுகிறதா அண்ணி என்று உள்ளே பார்த்துக் கேட்டார். கோடு இல்லை என்று பதில் வந்தது. சத்தம் இரைகிறதா என்றார். உன் சத்தம்தான் இரைகிறது என்று பதில் வந்தது.

அத்தை திரும்பி வந்ததும் வீட்டில் பெரிய ரகளை. ஆனால் சாயங்காலம் நாடகம் பார்க்க ஹாலில் டி.வி. இல்லை. கொஞ்ச நேரம் வீம்பாக வாசலில் உட்கார்ந்திருந்தவள், பாட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து போய்ப் பெரியம்மாவின் பாயில் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். அந்த வாரத்துக்குள் மருமகள் செய்தது சரியா தப்பா என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்து, குரல் வாசலைத் தாண்டியது. அதில் பெரிய குரல் அத்தையுடையது அல்ல.

மேட்ச் நாளில் நான் பள்ளியிலிருந்து ஓடி வந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கப் பார்த்தேன். சித்தப்பாவைக் காணோம். இரவு வேனை நிறுத்திவிட்டு வந்தவரிடம், இந்தியா தோற்றுவிட்டது என்று துக்கத்தோடு சொன்னேன்.

“அப்பிடியா? யார்கூட?” என்றார்.

கிரிக்கெட்டும் தெரியாது, ஒயர் வேலையும் தெரியாது. இப்படி ஒரு சித்தப்பா எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார் என்று மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். படம் வந்தது தெரியாமல் ஸ்டூலிலேயே நின்று “இப்போ? இப்போ?” என்று கேட்டுக்கொண்டிருந்ததை நடித்தும் காட்டினேன். படம் வந்துவிட்டது என்ற ஒரு சின்ன விஷயத்தை அந்த மனிதருக்குப் புரியவைக்க எங்கள் பெரியம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டியிருந்தது, பாவம் என்றேன்.