தூசி அக்கா அடித்த வார்த்தை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கணினித் திரையில் தெரிந்த மங்கலான புள்ளியைத் தூசி என்று நினைத்து ஈரத்துணியால் தேய் தேய் என்று தேய்த்தார். போகவில்லை. எப்படிப் போகும்? அது ஒரு விண்மீன் திரள். அதற்குள் கோடானுகோடி நட்சத்திரங்கள். அன்றிலிருந்து அந்த வானியல் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் தூசி அக்கா.

பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலை. படத்தின் எண் சரியா, படம் கெட்டிருக்கிறதா என்று பார்த்து, ஆய்வாளர்கள் சொல்வதைப் பட்டியலில் தட்ட வேண்டும். கருத்துச் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருக்க அக்காவால் முடியாது. "இதப் பாருடி, முட்டைய உடைச்சு ஊத்துன மாதிரி!" என்று பக்கத்து மேசைக்காரியை இழுத்துக் காட்டிச் சிரித்தால் மாடிப்படி வரை கேட்கும்.

புதிதாகப் பிறக்கும் நட்சத்திரங்கள் புற ஊதா ஒளியைக் கொட்டும். ஆகவே, புற ஊதாப் படத்தில் இருண்டு கிடக்கும் திரளில் பிறப்பே இல்லை என்று முடிவுகட்டி, அக்கா இருந்த புற ஊதா அறையில் ஒரே சொல்லை எழுதினார்கள்: மலடு. படித்த மேதைகள் கண்டெடுத்த கலைச்சொல்! அக்காவுக்குப் பிள்ளை இல்லை. உறவுக்காரர்கள் வாயால் இருபது வருஷம் கேட்ட சொல்லை, அலுவலகத்தில் தன் விரலாலேயே தட்டிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அகச்சிவப்புப் படங்கள் எதிர் அறையில் இருந்தன. இரண்டு அறையும் எலியும் பூனையும். இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்தவர் இல்லை. பட்டியல் வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்குப் போக வேண்டும். புதனன்று எண்கள் குழம்பிவிட, சரிபார்க்க அக்காதான் எதிர் அறைப் படங்களை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். மலடு என்று அவரே தட்டியிருந்த திரள் அகச்சிவப்பில் தகதகவென்று எரிந்தது. அடுத்ததும் அப்படியே. மதியத்துக்குள் நாற்பத்து மூன்று.

பதினோரு வருஷம் காதைத் திறந்து வைத்திருந்தவருக்குக் காரணம் புரியாதா? பிறக்கும் நட்சத்திரங்களைச் சுற்றித் தூசி. புற ஊதாவை அது விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்பாக உமிழ்கிறது.

அலுவலகத் தலைவரின் கதவைத் தட்டினார்.

"என்னம்மா, மறுபடி எதையாவது துடைச்சிட்டீங்களா?"

"துடைக்கத்தான் சார் வந்திருக்கேன். கதவச் சாத்திட்டு உள்ள பிள்ளை பெத்தா, வெளிய நின்னு மலடின்னு எழுதிருவீங்களா?"

படங்களைப் பார்த்ததும் தலைவரின் சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கிழம அனுப்பணுமேம்மா..."

"பொய்ய நேரத்துக்கு அனுப்பி என்ன சார் ஆகப்போகுது?"

"சரி, இந்த நாப்பத்து மூணையும் மாத்திருவோம். மத்ததெல்லாம் மலடாவே..."

"அந்த வார்த்தையே வேணாம் சார்." குரல் உடைந்தது, ஆள் நகரவில்லை. "'பிறப்பு தென்படவில்லை'ன்னு போடுங்க. தென்படலேன்னா அது நம்ம கண்ணோட குறை. அதுக்கு அவங்கள ஏன் திட்டணும்?"

"அவங்களயா?" என்று கேட்டவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "நீங்களே மாத்துங்கம்மா. நாலு நாள் தள்ளிப் போகட்டும்."

இதைப் பற்றிப் பின்னால் வந்த ஆய்வுக் கட்டுரையில் ஏழு பேர் பெயர் முன்னால். அவர் பெயர் கடைசியில், நன்றி என்ற இடத்தில், பொடி எழுத்தில். அது தனி அநியாயம்.

அந்தப் புதன் மதியம், நாற்பத்து மூன்றையும் திருத்திய பிறகும், பட்டியலில் அந்தச் சொல் அறுநூற்றுச் சொச்சம் இடங்களில் இருந்தது.

"ஒரே தட்டுல எல்லாத்தையும் மாத்திரலாம்கா" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"சும்மா இருடி. ஒவ்வொண்ணா அடிக்கிறதுலதான் சுகம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் அக்கா.