நினைவு தப்பினதோ?

சுவிஸில், லாங்கன்தால் நகரத் தொழிற்சாலையில் அப்பா ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான் என்பதால், ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெர்மனில் கேட்டதை நான்தான் அவரிடம் தமிழில் கேட்டேன்.

"அப்பா, நினைவு தப்பினதோ?"

"எனக்கோ? உன்ர பிறந்தநாளே நினைவிருக்கு. வீட்ட போவம்."

'இல்லை' என்று டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் ஸ்கேன் எடுக்காமல் அனுப்பியிருப்பார். ஆனால் டாக்டர் கேட்டது ஞாபகத்தைப் பற்றி அல்ல, சுயஉணர்வைப் பற்றி. தமிழில் நமக்கு இரண்டுமே நினைவுதான். மாற்றிக் கேட்டேன்.

"விழுந்த பிறகு, அம்புலன்ஸ் வரும்வரைக்கும் என்ன நடந்தது?"

அப்பாவின் முகம் மாறியது. "ஒண்டும் இல்லையடா."

"இருட்டா இருந்துதோ?"

"இருட்டும் இல்லை."

டாக்டரிடம் 'ஆம், தப்பியது' என்றேன். ஸ்கேனில் நல்லவேளையாகப் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் இருட்டைப் பார்க்கக்கூட உள்ளே ஒருவர் இருக்க வேண்டுமே! அந்தக் கொஞ்ச நேரம் அப்பா எங்கே இருந்தார்? மூளையைப் பற்றி எவ்வளவோ படிக்கிறேன், இன்னும் தெரியவில்லை.