ரத்தத்துக்கு ஓர் உருவம்

சங்கரன்கோவில் சன்னதி வாசலில், குணமானவர்கள் உண்டியலில் போடும் வெள்ளித் தகட்டு உருவங்கள் விற்கும் கடை. நான் கண் உருவம் வாங்க நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா. தலைமுடி இப்போதுதான் குட்டையாக முளைத்திருந்தது. முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

“அண்ணாச்சி, ரத்தத்துக்கு உருவம் உண்டா?”

“கண்ணு, காலு, பாம்பு, தேளு இருக்கும்மா. ரத்தத்தைத் தகட்டுல எப்படி அடிக்க?”

“கர்ப்பப்பை வாயில கேன்சர். வைரஸால வந்ததாம். என் ரத்தத்து அணுவையே எடுத்து, அந்தக் கட்டியைக் கண்டுபிடிக்கப் பழக்கி, திரும்ப எனக்கே ஏத்துனாவ. புது வைத்தியம், சோதனைக்குத்தான் செஞ்சாவ. இப்ப ஸ்கேன்ல கட்டியைக் காணோம்.”

கடைக்காரர் உருவங்கள் கிடந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்த அம்மா முழு ஆள் உருவம் ஒன்றை எடுத்துக்கொண்டார். “இதுக்குள்ளதான ஓடுது.”

அவர் கோயிலுக்குள் போனபின் என் முழங்கை மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே துடித்துக்கொண்டிருந்தது.